பழவேற்காட்டுக்கு ஒரு நாள் வருகிறவர்களுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன. டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

அரையாண்டு விடுமுறை வருகிறது. இந்த வருஷம் மூன்று குடும்பங்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து அண்ணன் மகன் குடும்பம், அம்பத்தூரிலிருந்து தங்கையும் அவள் மகளும் மருமகனும், கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் வீட்டார். பெரியவர்கள் எட்டு, சின்னவர்கள் ஐந்து. இதுபோக என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைகள் சிலர், இப்போது அவர்களுக்கே கல்லூரி போகும் வயதில் பிள்ளைகள், "டீச்சர், நாங்களும் வரோம், பறவை பார்க்கணும்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். வீட்டில் பாய் இருக்கிறது, தலையணைதான் போதாது.

அண்ணன் மகன் ஒரு நிகழ்ச்சி நிரல் தயாரித்து வாட்ஸ்அப்பில் போட்டான். காலை 9 மணி படகு. 10 மணி பூநாரைகளைப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தல். 11 மணி முகத்துவாரத்தில் குளியல். 1 மணி நண்டு சாப்பாடு. 2 மணி ஸ்ரீஹரிகோட்டா. 4 மணி நேலப்பட்டு. 6 மணிக்கு வீடு. கீழே ஒரு குறிப்பு: "பறவை, சாகசம், கடல், எல்லாம் ஒரே நாளில் முடிச்சிடலாம் அத்தை!" விளையாட்டுப் பூங்கா டிக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருப்பார்களே, அந்த மாதிரி இருந்தது.

அவனுக்கு மட்டும் பதில் எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு வருஷமும் யாராவது இதையே கேட்கிறீர்கள். அதனால் எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் வழி. அவன் போட்ட பட்டியலில் ஸ்ரீஹரிகோட்டா, நேலப்பட்டு இரண்டையும் அடித்துவிட்டேன். வரைபடத்தில் பார்த்தால் ஏரிக்கு அந்தப் பக்கம்தான், கை நீட்டினால் எட்டும் போலிருக்கும். ஆனால் ஏரிக்குக் குறுக்கே நமக்கு ரோடு கிடையாது. பொன்னேரி வந்து, கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆந்திராவுக்குள் சூளூர்ப்பேட்டை போய்ச் சுற்ற வேண்டும். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் ரோடு ஏரிக்கு நடுவிலேயே போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். நல்ல பருவத்தில் காரில் உட்கார்ந்தபடியே பூநாரைக் கூட்டம் பார்க்கலாம். நேலப்பட்டும் அங்கிருந்து பக்கம். கூழைக்கடாக்கள் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற ஊர். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். அந்த நாளுக்கு நான் தேவையில்லை, சூளூர்ப்பேட்டை வரை மின்சார ரயிலே இருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருகிறவர்கள் சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் போதும். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் வரும்.

அடுத்தது, எப்போது வருவது. இங்கேதான் பூங்காவுக்கும் ஏரிக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. வண்டலூர் போகிறோம் என்றால் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று தெரிந்துகொண்டு, மற்ற நாளில் போனால் சிங்கம் இருக்கும். பூநாரைக்கு அப்படி ஒரு நாள் குறித்துக் கொடுக்க முடியாது. அது நீளக் கால் பறவைதான், ஆனாலும் கால் ஊன்றி நிற்கிற ஆழத்தில்தான் அதற்குச் சாப்பாடு. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்று நீரை உறிஞ்சி வடிகட்டித் தின்னும். நம் வீட்டில் டீ வடிகட்டுகிற மாதிரிதான். மழை நிறையப் பெய்து ஏரி நிரம்பிக் கிடந்தால் கரையோரம் வராது, ஆழம் குறைந்த திட்டுகளைத் தேடிப் போய்விடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஆரணியாற்றிலும் காளங்கியிலும் வரத்து குறைந்து, தண்ணீர் இறங்க இறங்கத்தான் கூட்டம் கூடும். என்னைக் கேட்டால் பொங்கல் கழித்து வாருங்கள். தை, மாசி நல்ல காலம். பள்ளி விடுமுறை டிசம்பரில்தான் என்றால் வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "பத்தாயிரம் பறவைன்னு யூடியூபில் போட்டிருந்தானே" என்று என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. வந்தால் வரும்.

வருவது உறுதி என்றால் முந்தின நாள் இரவே வந்து தங்குங்கள். காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். திருப்பாலைவனம் வழியாக அண்ணாமலைச்சேரி. விடியும்போது கரையில் நிற்க வேண்டும். எட்டு மணிக்கு எழுந்து, தலை வாரி, காபி குடித்து வருகிறவர்களுக்கு தூரத்தில் வெயிலில் நடுங்குகிற வெள்ளைக் கோடுதான் தெரியும். அதைப் பூநாரை என்று நான் சொல்ல வேண்டும், நீங்கள் நம்ப வேண்டும்.

சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். மண் நிறமாக ஏதாவது. காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடக்கலாம், ஹாரன் அடிக்க வேண்டாம். பைனாகுலர் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று 1998-ஆம் வருஷத்துப் பிள்ளைகள் சேர்ந்து வாங்கித் தந்தது. பதின்மூன்று பேருக்கு ஒன்று போதாது, ஆளுக்கு ஐந்து நிமிஷம், வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்க வைக்க எனக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லி அழைத்து வாருங்கள். எல்லாப் பூநாரையும் படத்தில் இருப்பது போல ரோஜா நிறமாக இருக்காது. கூட்டத்தில் அழுக்குச் சாம்பல் நிறத்தில் சில நிற்கும். வேறு பறவை என்று நினைப்பார்கள். அவை இளசுகள். தின்கிற பாசியிலும் சின்ன இறால் வகைகளிலும் இருக்கிற நிறம் உடம்பில் ஏற ஏறத்தான் சிவக்கும், அதற்குச் சில வருஷம் ஆகும். பெரியவையும் நிற்கும்போது வெளுப்பாகத்தான் தெரியும், சிறகு விரித்தால்தான் உள்ளே இருக்கிற சிவப்பு பளிச்சென்று வரும். இன்னொன்று, அதன் முழங்கால் பின்பக்கமாக மடிகிறதே என்று எல்லாப் பிள்ளையும் கேட்கும். அது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் இருக்கிறது. முப்பத்து நாலு வருஷம் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன், இப்போதும் சொல்லும்போது எனக்கே ஒரு தடவை என் காலைப் பார்த்துக்கொள்ளத் தோன்றும். அவை இங்கே கூடு கட்டுவதில்லை. குஜராத்தில் கட்ச் உப்புச் சதுப்பில்தான் இந்தியப் பூநாரைகள் பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கின்றன. இங்கே வருவது தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ள.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தின்ன வந்த பறவையைத் துரத்தினால் அது பறக்கும். பறக்கும்போது படம் அழகாக வரும் என்றுதான் கல் எறிகிறார்கள், கை தட்டுகிறார்கள், சில பேர் ட்ரோன் கொண்டு வருகிறார்கள். இது 1980-இல் அறிவித்த சரணாலயம், அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. மருமகப்பிள்ளை புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அது அம்பத்தூரிலேயே இருக்கட்டும் மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது படகுக்கு வருகிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

படகு கிடையாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள், விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போன படகு இங்கே கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். தாங்குகிற அளவுக்கு மேல் ஆட்கள், யாருக்கும் மிதவை உடுப்பு இல்லை. அதற்குப் பிறகு மாவட்ட நிர்வாகம் சுற்றுலாப் படகு சவாரியைத் தடை செய்தது. வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த டிசம்பரில் கைக்குழந்தையாக இருந்தவை இப்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிற புதுசுகளுக்கு அது தெரியாது. கரையில் நின்றால் யாராவது மெதுவாகப் பக்கத்தில் வந்து "படகு வேணுமா சார்" என்று கேட்பார்கள். எல்லாம் சகஜமாக இருப்பது போலத் தோன்றும்.

"ஏரிதானே அத்தை, இடுப்பளவு தண்ணிதானே" என்று அண்ணன் மகன் கேட்டான். பாதி சரி. ஏரியில் பெரும்பகுதி ஆழம் குறைவுதான், பல இடத்தில் ஒரு ஆள் நிற்கலாம். ஆனால் கீழே இருப்பது மணல் இல்லை, சேறு. காலை வைத்தால் பிடித்துக்கொள்ளும். முகத்துவாரம் பக்கம் போனால் கதையே வேறு, அங்கே ஓடையில் ஆழமும் இழுப்பும் உண்டு. கடல் தண்ணீர் உள்ளே வரும் நேரமும் வெளியே போகும் நேரமும் ஒரே இடம் வேறு வேறு மாதிரி இருக்கும். மத்தியானத்துக்கு மேல் காற்று எழும். எல்லாவற்றையும் விட மோசம், பறவை தெரிந்ததும் படகில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே பக்கமாக எழுந்து நின்று செல்போனை நீட்டுவது. மீன் பிடிக்கிறவன் படகில் எழுந்து நின்றால் அவன் பாதத்துக்குப் படகு தெரியும். நம் பாதத்துக்கு ஒன்றும் தெரியாது.

எனக்கு இது புத்தகத்தில் படித்த பாடம் இல்லை. கலங்கரை விளக்கத்துப் பக்கக் குப்பத்துப் பள்ளிக்கு நான் வேலைக்குப் போனபோது பாலம் இல்லை. இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வந்த சின்னப் பெண், நீச்சல் தெரியாது, தினமும் காலையில் படகு, சாயங்காலம் படகு. கழி ஊன்றித் தள்ளுகிற படகு. நடுவில் உட்கார வைப்பார்கள், மடியில் நோட்டுக் கட்டு, அதன் மேல் சாப்பாட்டு டப்பா. அந்தப் படகை ஓட்டிய பெரியவர் வாரத்தில் ஒரு நாளாவது என்னை ஏற்றமாட்டார். வானத்தைப் பார்ப்பார், தண்ணீரைப் பார்ப்பார், "இன்னிக்கு வோணாம்மா, காத்து சரியில்ல" என்பார். "ஐயா, பரீட்சை இருக்கு" என்று கெஞ்சியிருக்கிறேன். "பரீட்சை நாளைக்கும் வெக்கலாம்" என்பார். பயணம் போனால்தான் அவருக்குக் காசு. அந்தக் காசை விட்டுவிட்டுத்தான் வேண்டாம் என்று சொன்னார். இன்றைக்கு நான் உட்கார்ந்து முகநூலில் எழுதுகிறேன் என்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு.

அண்ணன் மகன் விடவில்லை. "நீங்க படிக்க வெச்ச பையன்தானே அத்தை படகு வெச்சிருக்கான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுப்பான்ல? நமக்கு மட்டும், ஒரு மணி நேரம்."

எடுப்பான். அதில் சந்தேகமே இல்லை. அவன் பெயர் இங்கே வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். மூன்றாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரியும். "டீச்சர் சொன்னாங்க" என்றால் மாட்டேன் என்ற வார்த்தை அவன் வாயில் வராது. பொன்னேரிக்குப் போய் சாக்பீஸ் டப்பா வாங்கி வரச் சொன்னால் சாப்பிடாமல் கூட ஓடியவன். நான் போன் செய்தால் காற்று எப்படி இருந்தாலும் வந்து நிற்பான், பதின்மூன்று பேரையும் ஒரே நடையில் ஏற்றிக்கொள்வான், மிதவை உடுப்பு பற்றிக் கேட்கவும் கூச்சப்படுவான். ஏதாவது நடந்தால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கப் போவது அவன். பெங்களூருக்குத் திரும்பிப் போகிறவர்கள் நிற்கப் போவதில்லை. அந்தப் பெரியவரால் எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, ஏனென்றால் நான் அவருக்கு யாரோ ஒரு சின்னப் பெண். இவனால் எனக்குச் சொல்ல முடியாது. அதனால் அவனிடம் நான் கேட்கவே போவதில்லை.

போன வாரம் மீன் வாங்கக் கரைக்குப் போனபோது அவனே பேச்சை எடுத்தான்.

"இன்னா டீச்சர், ஊர்லேர்ந்து ஆளுங்க வராங்களாமே? படகு ரெடி பண்ணட்டா?"

"வேண்டாம்பா. படகு இல்லைன்னு சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். "நீங்க வோணாம்னு சொல்லுவீங்க டீச்சர். மத்தவங்க இஸ்துகினு போறாங்க. லீவு நாள்ல ரெண்டு நடை போனா, ஒரு வாரம் வலை போட்டாலும் வராத காசு. எறா இல்ல, முகத்துவாரம் அடைச்சிக்கினு கெடக்குது. பெரிய பொண்ணுக்குப் பீஸ் கட்டணும். நாங்க இன்னா பண்றது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. முகத்துவாரம் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஏரிக்குள் வருவது குறைந்துபோகும். இந்தக் குப்பங்கள் எத்தனை வருஷமாக அதை நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கேட்கின்றன என்று உங்களில் பாதிப் பேருக்கு என்னை விட நன்றாகத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காக இன்னொன்றும் சொல்கிறேன். இந்த ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்தவர் வலை போட முடியாது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்று பெயர். ஒருவன் முறை வருகிற நாளில் காற்றோ மழையோ கெடுத்தால் அந்த நாள் போனது போனதுதான். அப்படிக் காத்திருந்து வலை கட்டியிருக்கிற இடத்தில்தான் நீங்கள் செல்பி எடுக்க விசைப்படகில் சுற்றுகிறீர்கள். சுற்றுகிறவனும் இன்னொரு குப்பத்து மீனவன்தான். யாரைத் திட்டுவது?

சட்டம் இருக்கிறது, அது சரி. அந்தச் சட்டத்தால் நஷ்டம் அவனுக்கு, நமக்கு இல்லை. அதை மறந்துவிட்டு "நான் நல்லவள், படகு ஏறமாட்டேன்" என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அதனால் திட்டத்தை மாற்றினேன். படகுக்கு என்று அண்ணன் மகன் ஒதுக்கி வைத்த காசு இருக்கிறதே, அது அப்படியே இந்த ஊரில்தான் செலவாக வேண்டும். மத்தியானச் சாப்பாடு என் வீட்டில் இல்லை, அவன் வீட்டில். அவன் மனைவி சமைக்கிறாள். அவளிடம் பேசிவிட்டேன், ஆளுக்கு எவ்வளவு என்று அவளே சொல்லிவிட்டாள், பேரம் கிடையாது. கழிமுக நண்டு மசாலா, இறால் தொக்கு, கிடைத்தால் மடவை, அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவா. ஊருக்கு எடுத்துப் போக வேண்டிய இறாலையும் நண்டையும் காலையிலேயே அவனிடம் சொல்லி வைத்துவிடுங்கள், ஐஸ் பெட்டி நீங்கள் கொண்டு வாருங்கள். அது படகுக் காசுக்கு ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது. நாலில் ஒரு பங்காவது ஆகும். அவனுக்கும் தெரியும். "சரி டீச்சர்" என்றான், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குப் படகு ஆசை நியாயமானது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. முட்டுக்காடு இருக்கிறது, பிச்சாவரம் இருக்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிற படகுத் துறைகள். டிக்கெட் உண்டு, எத்தனை பேர் என்று எண்ணித்தான் ஏற்றுவார்கள், உடுப்பு கேட்டு வாங்கலாம். தரவில்லை என்றால் ஏறாமல் நிற்கவும் உரிமை உண்டு. சாகசப் பூங்காவில் கயிற்றில் தொங்கப் போனாலும் அப்படித்தான். இடுப்பில் கட்டுகிற பட்டையை நீங்களே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், அந்த ஆள் முறைத்தால் முறைக்கட்டும்.

வண்டலூர் என்றதும் ஒரு ஞாபகம். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால் நம் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனோம். சென்னைக்கு வடக்கே இந்தக் கோடியிலிருந்து தெற்கே அந்தக் கோடிக்கு, விடியற்காலை பஸ். 602 ஹெக்டேர் என்று நான் முந்தின நாளே கணக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தேன், எத்தனை ஏக்கர் என்று மாற்றச் சொன்னேன், யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. சிங்கத்தைப் பார்க்கக் கம்பி போட்ட வண்டியில் ஏற்றினார்கள். சிங்கம் மரத்தடியில் தூங்கியது. ஒரு பெண் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள், "டீச்சர், கூண்டு நமக்குத்தானா?" பறவைக் கூடத்துக்குப் போனோம். நம் பிள்ளைகளுக்கு அங்கே ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, பாதி பறவை வீட்டு வாசலில் பார்ப்பது. ஆனால் ஒருவன் நீண்ட நேரம் நின்றுவிட்டு, "இதுக்கெல்லாம் மீனு யாரு டீச்சர் வாங்கியாறது? டெய்லியுமா?" என்றான். மீன் விலை தெரிந்த வீட்டுப் பிள்ளை. அந்தப் பெண் பிள்ளை இப்போது மீஞ்சூரில் நர்ஸ். மீன் கணக்குக் கேட்டவன் துபாயில் இருக்கிறான், லைக் போடுவான் பாருங்கள்.

மிச்ச நேரத்துக்கு வருகிறேன். ஒன்பது மணிக்கு வீடு திரும்பி இட்லி சாப்பிடலாம். கரையோரம் எங்கேயும் நல்ல கழிப்பறை கிடையாது, இதைப் பெண்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். என் வீட்டைத்தான் நம்ப வேண்டும். பிறகு டச்சுக்காரர்கள் கல்லறை. 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் அவர்கள் வியாபாரத்துக்கெல்லாம் இதைத்தான் தலைநகராக வைத்திருந்தார்கள். 1690-இல்தான் அது நாகப்பட்டினத்துக்குப் போனது. கோட்டை இப்போது புதரும் கல்லும்தான். கல்லறை நன்றாக இருக்கிறது, தொல்லியல் துறை காவலில். வாசலில் இரண்டு எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், பிள்ளைகள் அதை விட்டு நகரமாட்டார்கள். இங்கிருந்து துணி போனது, பழையக்காட்டுக் கைலி என்ற பெயரே இந்த ஊர்ப் பெயர்தான். ஆட்களையும் அடிமைகளாகப் பிடித்து பத்தாவியாவுக்குக் கப்பலில் ஏற்றினார்கள். அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பத்து வயதுக்கு அது புரியும். சின்னப் பள்ளிவாசலில் நிழல் கடிகாரம் இருக்கிறது. வெயில் வேண்டும், கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பனையோலைப் பெட்டி முடைகிற பெண்களிடம் இரண்டு பெட்டியாவது வாங்குங்கள். வாங்கி வைத்தால் கொலுவுக்கு ஆகும்.

சாப்பிட்டுவிட்டுத் தங்கை படுக்க வேண்டும், அவளுக்கு முழங்கால் வலி. மற்றவர்கள் நாலு மணிக்குப் பாலம் தாண்டிக் கலங்கரை விளக்கத்துப் பக்கம் போகலாம். கடலில் கால் நனைக்கலாம், கணுக்கால் வரை. பூநாரைக்கு எது கணுக்கால் என்று சொன்னேனே, அந்தக் கணக்கு இல்லை, உங்கள் கணுக்கால். முகத்துவாரத்தில் குளியல் என்று பட்டியலில் இருந்ததை நான் படித்ததாகவே காட்டிக்கொள்ளப் போவதில்லை. ஆறு மணிக்குள் கிளம்பிவிடுங்கள், இருட்டினால் கொசு.

பெங்களூர்ப் பேத்தி நேற்று போன் செய்தாள். ஒன்பது வயது. "படகு இல்லைன்னா அங்க என்ன ரைடு இருக்கு பாட்டி?" என்றாள். விடியற்காலையில் எழுந்து, இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்து, சத்தம் போடாமல் அரை மணி நேரம் நிற்பதுதான் ரைடு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்நாக்ஸ் சாப்பிடலாமா?" என்றாள். சாப்பிடலாம், மொறுமொறு என்று சத்தம் வராததாக இருந்தால். வீட்டில் வேர்க்கடலை உருண்டை செய்து வைக்கிறேன்.

இட்லிக்கு மாவு அரைக்க வேண்டும், நண்டுக்கு அவளிடம் எண்ணிக்கை சொல்ல வேண்டும். யார் யார் வருகிறீர்கள், யார் சைவம், யார் முந்தின நாளே வந்து தங்குகிறீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் போனில் சொல்லுங்கள். இங்கே கருத்தில் எழுதினால் எனக்குச் சில சமயம் கண்ணில் படுவதில்லை. தலையணை கொண்டு வாருங்கள்.